வீட்டுக்குள்ளே வீடியோ கேம் கடை... முஸ்தபாவுக்கு இடம் உண்டா?

'கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ்' என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று கேட்டுப் பாருங்கள். 90-களில் பள்ளிக்கூடம் போனவர்கள் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வரும். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ஆட்டம் அது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வரும் ரவுடிகளையும் டைனோசர்களையும் சமாளிக்க வேண்டும். ஓடிவந்து எகிறி உதைக்கும் முஸ்தபாவுக்குத்தான் போட்டி. கடைசியில் ஆட்டத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். எல்லை தாண்டி பாகிஸ்தானிலும் அதற்கு இதே பெயர்தான் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

ஒரு ரூபாய் காயினுக்காக வீட்டில் கெஞ்சிய அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டி ஆகிறது. கையில் சம்பளம், வீட்டில் விளையாடும் வயதில் பிள்ளைகள். 'அந்தப் பெட்டியை நம் வீட்டிலேயே வைத்தால் என்ன?' என்ற ஆசை வருவது இயல்புதானே! ஆன்லைனில் தேடினால், 'பத்தாயிரம் கேம் ஒரே பெட்டியில்' என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் வந்து விழுகின்றன. வாங்கிய இரண்டே வாரத்தில் அந்தப் பெட்டி துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறிவிடுவதும் உண்டு.

ஏன் அப்படி ஆகிறது? ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்? பெட்டிக்குள் கைவிடும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஒரு பெட்டி... ஒரு ஆட்டம்!

கடையில் பார்த்த பெட்டிக்குள் இருந்தது சாதாரண கம்ப்யூட்டர் அல்ல. அந்த ஒரு ஆட்டத்துக்காகவே செய்யப்பட்ட ஒரு பெரிய சர்க்யூட் போர்டு. ஆட்டத்தின் படம், சத்தம், விதிகள் எல்லாம் அதில் இருக்கும் 'ரோம்' சிப்களில் எழுதப்பட்டிருக்கும். ஆட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் போர்டையே மாற்ற வேண்டும்.

1980-களின் மத்தியில் ஜப்பானிய நிறுவனங்கள் கூடி 'ஜாமா' என்ற பொது இணைப்பு முறையைக் கொண்டுவந்தன. 56 முனைகள் கொண்ட ஒரே கனெக்டரில் மின்சாரம், படம், சத்தம், ஜாய்ஸ்டிக், பட்டன் எல்லாம் அடக்கம். பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், அடுத்த ஆட்டம் தயார். 1990-ல் எஸ்.என்.கே நிறுவனம் 'நியோ ஜியோ' பெட்டியைக் கொண்டுவந்தபோது, ஒரே பெட்டியில் பல கேட்ரிட்ஜ்களைப் போட்டு, விளையாடுபவரே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. 'மெட்டல் ஸ்லக்' ஆடியவர்களுக்கு அந்தப் பெட்டி நன்றாகவே நினைவிருக்கும்.

இந்தப் போர்டுகளுக்கு ஆயுள் உண்டு. சிப் பழுதாகும், தகடு துருப்பிடிக்கும். இவற்றையெல்லாம் விடக் கொடுமை, கேப்காமின் 'சி.பி.எஸ் 2' வகைப் போர்டுகள். திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்க, ஆட்டத்தைப் பூட்டுப் போட்டு வைத்து, அதன் சாவியை பேட்டரியில் வாழும் மெமரியில் வைத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும். அதோடு ஆட்டமும் போச்சு! சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர், 'தற்கொலை பேட்டரி'.

மேம் வந்த கதை

இப்படி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்த போர்டுகளைக் காப்பாற்ற வந்ததுதான் 'மேம்'. இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 1997 பிப்ரவரியில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். பழைய போர்டில் இருந்த ஒவ்வொரு சிப்பும் எப்படி வேலை செய்ததோ, அதை அப்படியே சாஃப்ட்வேரில் நடித்துக் காட்டுவதுதான் மேமின் வேலை. இதைத்தான் 'எமுலேட்டர்' என்கிறார்கள். சிப்பில் இருந்ததை அப்படியே படியெடுத்த ஃபைல்தான் 'ரோம்'. எமுலேட்டர் அடுப்பு என்றால், ரோம்தான் அரிசி. இரண்டும் இருந்தால்தான் சோறு.

உலகம் முழுக்கப் பல தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்த மேம், 2016-ல் முழுமையான ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் ஆனது. ஆட்டங்களின் உள்வேலையைப் பதிவு செய்து வைப்பதே தங்கள் நோக்கம், விளையாட முடிவது கூடுதல் பலன் என்பது அவர்கள் நிலைப்பாடு. வீட்டுப் பெட்டிக்குள் இன்று ஓடும் பழைய ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்த உழைப்பின் மேல்தான் நிற்கின்றன.

பெட்டியைச் செய்வது எப்படி?

ஆளுயரப் பெட்டி, மேஜை மேல் வைக்கும் சிறிய பெட்டி என்று இரண்டு வகை உண்டு. அபார்ட்மென்ட் வீட்டுக்கு மேஜை வகைதான் வசதி. வேண்டாதபோது தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம். 18 மி.மீ பிளைவுட்டில் செய்தால் இரண்டு பேர் மல்லுக்கட்டி ஆடினாலும் ஆடாது, அசையாது. தெரிந்த தச்சரிடம் வரைபடத்தைக் கொடுத்தால் போதும். பட்டன் துளைகளின் அளவை மட்டும், பட்டனை வாங்கி அளந்து பார்த்த பிறகு சொல்லுங்கள். ஜப்பானிய வகைப் பட்டனுக்கு 30 மி.மீ துளை, அமெரிக்க வகைக்கு 28 மி.மீ-க்குச் சற்றே கூடுதல். முதலில் துளை போட்டுவிட்டுப் பிறகு பட்டன் வாங்கினால், பலகையையே மாற்ற வேண்டி வரும்.

மூளை: ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 போதும். 80-களின் ஆட்டங்கள் மட்டும் என்றால் பழைய பை 3-கூடச் சமாளிக்கும். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சிறிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். இவற்றில் போடுவதற்கு ரெட்ரோபை, ரீகால்பாக்ஸ், படோசெரா என்று இலவச சாஃப்ட்வேர்கள் உண்டு. படோசெராவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். கேப்காம், நாம்கோ போன்ற நிறுவனங்களின் ஆட்டங்கள் இவற்றோடு சேர்ந்து வராது.

திரை: புத்தம் புதிய அகலத் திரை தேவையில்லை. 17 அல்லது 19 அங்குலத்தில் சதுரமாக இருக்குமே, பழைய அலுவலக மானிட்டர்... அதுதான் இதற்குத் தோது. அந்தக் காலத் திரையின் நீள அகலம் 4:3. அகலத் திரையில் இழுத்துப் போட்டால் முஸ்தபா குண்டாகத் தெரிவார். 'பேக்-மேன்', 'கலாகா', '1942' போன்றவை நெட்டுக்குத்தாக வைத்த திரைக்காகச் செய்யப்பட்டவை. பேக்-மேன் திரையின் அளவே 224-க்கு 288 புள்ளிகள்தான். இந்த வகை ஆட்டங்கள்தான் பிடிக்கும் என்றால் மானிட்டரை நிமிர்த்தி வைத்தே பெட்டியைச் செய்யலாம்.

கை: ஜாய்ஸ்டிக்கில் நான்கு திசை, எட்டுத் திசை என்று இரண்டு உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு எட்டுத் திசை வேண்டும். பேக்-மேன், டாங்கி காங் இரண்டுக்கும் நான்கு திசைதான். எட்டுத் திசை ஸ்டிக்கில் பேக்-மேன் ஆடினால் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு பேயிடம் மாட்டுவோம். 'எனக்கு வயசாயிடுச்சு, பழைய வேகம் இல்லை' என்று நொந்துகொள்பவர்கள் பலருக்குப் பிரச்னை கையில் அல்ல, ஸ்டிக்கில்! சில ஸ்டிக்குகளின் அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் நான்கு திசையாகிவிடும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டன்கள் ஆளுக்கு ஆறு இருந்தால் நலம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆட்டத்துக்கு மூன்று குத்து, மூன்று உதை என்று ஆறும் தேவை. மற்ற பெரும்பாலான ஆட்டங்களுக்கு இரண்டு, மூன்று போதும். பட்டன்களின் ஒயர் எல்லாம் 'என்கோடர்' என்ற சிறிய போர்டில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே யு.எஸ்.பி ஒயராக மூளைக்குப் போகும். சால்டரிங் செய்யத் தெரியாதவர்களும் செருகிவிடும் வகையில் இவை கிட்டாகவே கிடைக்கின்றன.

'கேம் இருக்கு... ஆனா ஓடலை!'

புதிதாகப் பெட்டி செய்பவர்கள் அதிகம் திணறுவது மரவேலையில் அல்ல, இங்கேதான். பட்டியலில் ஆட்டத்தின் பெயர் தெரிகிறது. அழுத்தினால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்.

1. பதிப்புப் பொருத்தம்: மேம் வளர வளர, முன்பு தவறாகப் படியெடுத்த சிப்களைத் திரும்பப் படியெடுக்கிறார்கள். விட்டுப்போனதைச் சேர்க்கிறார்கள். அதனால் ரோம் ஃபைலுக்குள் இருக்க வேண்டியவை பதிப்புக்குப் பதிப்பு மாறும். ராஸ்பெர்ரி பையில் அதிகம் பயன்படும் 'மேம் 2003' எமுலேட்டர், மேமின் 0.78 பதிப்புக்கான ரோமைத்தான் கேட்கும். புதிய மேமுக்கான ஃபைலைக் கொடுத்தால் பல ஆட்டங்கள் முரண்டு பிடிக்கும். எந்த எமுலேட்டர், எந்தப் பதிப்பு என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமானதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. தாயும் பிள்ளையும்: ஒரே ஆட்டம் ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, மற்ற நாடுகளுக்கு ஒன்று என வந்திருக்கும். மேம் இதில் ஒன்றைத் தாயாகவும் மற்றவற்றைப் பிள்ளைகளாகவும் வைத்துக்கொள்கிறது. 'ஸ்ப்ளிட்' வகைத் தொகுப்பில், பிள்ளை ஃபைலுக்குள் வித்தியாசமான பகுதி மட்டுமே இருக்கும். மற்றதைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும். 'ஒரே கேம் ரெண்டு தடவை இருக்கே' என்று தாயை டெலிட் செய்தால் பிள்ளையும் படுத்துவிடும். 'நான்-மெர்ஜ்டு' வகையில் ஒவ்வொரு ஃபைலும் சொந்தக்காலில் நிற்கும். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் முப்பது, நாற்பது ஆட்டம் மட்டும் வைப்பவர்களுக்குத் தலைவலி இல்லாத வழி இதுதான்.

3. பயாஸ்: நியோ ஜியோ ஆட்டங்களுக்கு, அந்தப் பெட்டியின் அடிப்படை ஃபைல் தனியாக வேண்டும். அது அதே ஃபோல்டரில் இல்லை என்றால் மெட்டல் ஸ்லக் உட்பட எதுவும் எழுந்திருக்காது.

4. பெயர் மாற்றம்: மேம் ஃபைல்களுக்குச் சுருக்கமான பெயர்தான் இருக்கும். முஸ்தபா கேமின் ஃபைல் பெயர் வெறும் 'டைனோ'. அழகாக இருக்கட்டும் என்று 'முஸ்தபா' என மாற்றினால், மேமுக்கு அடையாளம் தெரியாது. சிப்கள் எல்லாம் அடங்கிய அந்த ஜிப் ஃபைலைப் பிரித்தும் வைக்கக் கூடாது. திரையில் தெரியும் பெயரை மெனுவிலேயே மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அங்கே முஸ்தபா என்று தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் இலவசம். அதை வைத்திருப்பதில் தவறில்லை. சிக்கல், ரோமில்தான். 40 ஆண்டுக்கு முந்தைய ஆட்டம் என்றாலும் அதன் பதிப்புரிமைக் காலம் இன்னும் முடியவில்லை. 'கடையிலயே இப்ப இல்லையே, யாரு கேட்கப்போறா' என்பது சட்டத்தின் பார்வையில் பதில் அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை முறையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. நெட்டில் யாரோ போட்டுவைத்ததை இறக்கிக்கொள்வதற்கு அது லைசென்ஸ் அல்ல.

பத்தாயிரம் கேம் பெட்டிகள் தடுமாறும் இடமும் இதுதான். அத்தனை ஆட்டங்களுக்கும் உரிமை வாங்கி, அந்த விலைக்கு ஒருவர் விற்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு, எஃப்.பி.நியோ போன்ற சில எமுலேட்டர்களை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது அவற்றின் நிபந்தனை. சம்பளம் வாங்காமல் இதை உருவாக்கியவர்களின் உழைப்பையும் சேர்த்தே விற்கிறார்கள்.

முறையான வழி இல்லையா என்றால், முன்பைவிட இப்போது நிறையவே இருக்கிறது. சிறிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் நல்லது என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். நிறுவனங்களே வெளியிட்டிருக்கும் தொகுப்புகளை அதில் வாங்கிப் போடலாம். 2018-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30-வது ஆண்டு தொகுப்பி'ல் 12 ஆட்டங்கள். 2021-ல் வந்த 'கேப்காம் ஆர்கேட் ஸ்டேடிய'த்தில் முப்பதுக்கும் மேல். 2022-ல் 'பேக்-மேன் மியூசியம் பிளஸ்', 'அட்டாரி 50' இரண்டும் வந்தன. மெட்டல் ஸ்லக்கையும் தனியாக வாங்கலாம். தள்ளுபடிக் காலத்தில் காத்திருந்து வாங்கினால், பர்ஸுக்கும் பெரிய வலி இல்லை. நீங்கள் செய்த ஜாய்ஸ்டிக் இவற்றிலும் அப்படியே வேலை செய்யும்.

ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் மேமைப் பழகிப் பார்க்க வேண்டுமா? 'கிரிட்லி', 'ராபி ரோட்டோ' போன்ற சில ஆட்டங்களை, வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு உரிமையாளர்களே அனுமதித்திருக்கிறார்கள். மேம் குழுவின் தளத்திலேயே அவை கிடைக்கின்றன. பெட்டியைச் செய்து முடித்ததும் பட்டன் எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இவை போதும்.

அப்போ முஸ்தபா?

இங்கேதான் நெஞ்சு கனக்கும் ஒரு சங்கதி. முஸ்தபா கேம் எந்த வீட்டுக் கருவிக்கும் இதுவரை வந்ததே இல்லை. ஆட்டத்தைச் செய்தது கேப்காம். கதையும் பாத்திரங்களும் மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் 'ஜீனோசோயிக் டேல்ஸ்' காமிக்ஸைச் சேர்ந்தவை. கேடிலாக் என்பதோ ஜெனரல் மோட்டார்ஸின் கார் பெயர். மறுபடி வெளியிட வேண்டும் என்றால் இத்தனை தரப்பும் சம்மதிக்க வேண்டும். கேப்காம் 2018-ல் தன் அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டபோதும், 'ஃபைனல் ஃபைட்', 'கேப்டன் கமாண்டோ' எல்லாம் வந்தன. முஸ்தபா வரவில்லை.

ஒரு தலைமுறையே உயிராக ஆடிய ஆட்டம். காசு கொடுக்கத் தயாராக ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால், கடையில் சரக்கு இல்லை. அசல் போர்டை வைத்திருக்கும் சேகரிப்பாளரிடம் வாங்குவதுதான் மிச்சமிருக்கும் நேர்வழி. அது விலையிலும் பராமரிப்பிலும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. தன்னார்வலர்கள் சிப்களைப் படியெடுத்து வைக்காமல் இருந்திருந்தால், போர்டுகள் சாகும் வேகத்தில் இந்த ஆட்டமும் காணாமல் போயிருக்கும் என்பது உண்மை. அதற்காக, அந்த நகலைக் காசுக்கு விற்பவர்கள் எல்லாம் கலைக் காவலர்கள் ஆகிவிட முடியாது என்பதும் உண்மை.

நம்பிக்கைக்கு இடம் உண்டு. இதே போலப் பல கைகளில் உரிமை சிக்கியிருந்த 'ஏலியன் வெர்சஸ் பிரடேட்டர்' 1994-ல் வந்தது. 25 ஆண்டுகள் கழித்து 2019-ல் 'கேப்காம் ஹோம் ஆர்கேட்' கருவியில் முறைப்படி வந்து சேர்ந்தது. 1993-ல் வந்த 'பனிஷர்' 2024-ல் மார்வெல் தொகுப்பில் வந்தது. முஸ்தபாவுக்கும் ஒருநாள் கையெழுத்து விழலாம். உங்கள் மெனுவில் அவருக்கு ஓர் இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கலாம்.

எத்தனை கேம் போதும்?

பத்தாயிரம் சேலை இருக்கும் கடையில் ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் திரும்பியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பட்டியல் நீள நீள, எதையும் முழுதாக ஆட மனம் வராது. ஒன்றைத் தொட்டு, அரை நிமிடம் ஆடி, அடுத்ததற்குத் தாவி, கடைசியில் சலித்து எழுந்துவிடுவோம். பெட்டியின் பட்டியலில் இருக்கும் பத்தாயிரத்திலும் பாதிக்கு மேல் ஒரே ஆட்டத்தின் வெவ்வேறு பதிப்புகளாகவோ, ஜப்பானிய மொழி தெரிந்தால்தான் ஆட முடியும் என்பவையாகவோ இருந்துவிடலாம்.

வீட்டில் யார் யார் ஆடப்போகிறார்கள் என்பதில் இருந்து தொடங்குங்கள்.

வீடியோ கேமே ஆடாத பெரியவர்களுக்கு: பேக்-மேன். ஜாய்ஸ்டிக் மட்டும்தான், பட்டனே கிடையாது. சுடுவதும் அழிப்பதுமாக இருந்த கேம் கடைக்குப் பெண்களும் ஜோடிகளும் வர வேண்டும் என்று யோசித்துத்தான், நாம்கோவின் டோரு இவாடானி 1980-ல் 'தின்னும்' ஆட்டத்தை உருவாக்கினார். 240 புள்ளிகள், நான்கு பெரிய உருண்டைகள், நான்கு பேய்கள். நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். ஒன்று நேராகத் துரத்தும், ஒன்று முன்னால் போய் மறிக்கும். பாட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டால் பேரனால் ஜெயிக்க முடியாது.

அண்ணன் தங்கை சேர்ந்து ஆட: 1986-ல் டைட்டோ வெளியிட்ட 'பப்புள் பாபுள்'. இரண்டு குட்டி டைனோசர்கள் சோப்புக் குமிழி விட்டு எதிரியைப் பிடிக்கும். தனியாக ஆடி முடித்தால் உண்மையான முடிவு வராது. இரண்டு பேரும் சேர்ந்து கடைசி வரை வந்தால்தான் முழுக் கதையும் தெரியும். சண்டை போடும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடைப்பது கஷ்டம். 'பப்புள் பாபுள் 4 ஃப்ரெண்ட்ஸ்' வாங்கினால் அதற்குள்ளேயே இந்தப் பழைய ஆட்டமும் இருக்கிறது.

கணக்கு, சயின்ஸ் பிடித்தவர்களுக்கு: 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. 55 எதிரிகள். ஒவ்வொன்றாகச் சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக வரும். அதை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ திட்டமிட்டுச் செய்தது அல்ல அது. வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய, சிப் வேகமாக வரைந்து தள்ளியது. விறுவிறுப்பாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம்.

அப்பாக்களுக்கு: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, மெட்டல் ஸ்லக், ஃபைனல் ஃபைட். ரத்தம் தெறிக்கும் ஆட்டங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து மறைத்துவிடலாம். ரெட்ரோபை, படோசெரா இரண்டிலுமே குழந்தைகளுக்கான மெனு முறை இருக்கிறது.

இப்படி ஆளுக்கு ஏழெட்டு என்று சேர்த்தால் முப்பது வரும். அது போதும். ஒவ்வொன்றையும் ஒருமுறை ஆடிப் பார்த்து, சத்தம், படம், பட்டன் மூன்றும் சரி என்றால் மட்டும் மெனுவில் சேருங்கள்.

காயின் பட்டனை எடுத்துவிடாதீர்கள்!

வீட்டுப் பெட்டியில் பலரும் செய்யும் முதல் வேலை, 'ஃப்ரீ பிளே' வசதியைப் போடுவது. செத்தால் உடனே எழுந்திருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இந்த ஆட்டங்கள் எல்லாம் மூன்று நிமிடத்தில் அடுத்த காயினைப் பிடுங்குவதற்காகவே செய்யப்பட்டவை. எவ்வளவு வேண்டுமானாலும் சாகலாம் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டரில்கூட யாரும் தடுத்து ஆடமாட்டார்கள். அரை மணி நேரத்தில் ஃபைனல் ஃபைட் முடிந்துவிடும். முடித்த பிறகு எதையோ சாதித்தது போலவும் இருக்காது.

அந்தக் காலத்தில் கையில் ஒரே ஒரு காயின். அதனால்தான் கண் கொட்டாமல் ஆடினார்கள். காயின் இல்லாதவர்கள் பின்னால் நின்று, எந்த இடத்தில் எதிரி வருவான் என்று பார்த்தே கற்றுக்கொண்டார்கள். வீட்டிலும் இதைக் கொண்டுவரலாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு மூன்று காயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'போதும், டிவியை ஆஃப் பண்ணு' என்று கத்தும் வேலை மிச்சம். நேரத்துக்குப் போடும் சண்டையைவிட, காயின் கணக்கு பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும்.

இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமா? காயினை வாங்கிக்கொள்ளும் கருவி தனியாகவே கிடைக்கிறது. உங்களிடம் இருக்கும் நாணயத்தின் மாதிரியை அதில் வைத்துவிட்டால், அதே நாணயத்தை மட்டும் ஏற்கும். பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரம் கேட்கும் என்பதால் தனி அடாப்டர் வேண்டும். காயின் விழுந்ததும் ஒரு பட்டனை அழுத்தியது போல சிக்னல் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு டப்பாவை வைத்தால் அது வீட்டு உண்டியல்.

ஆட்டத்தின் கடினத்தையும் மாற்றலாம். அசல் போர்டில் கடைக்காரர்கள் திருகி வைக்கும் 'டிப் ஸ்விட்ச்'கள் இருந்தன. எத்தனை உயிர், எத்தனை பாயின்ட்டுக்கு போனஸ் என்பதெல்லாம் அதில்தான். மேமின் மெனுவில் அவை அப்படியே இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து உயிர், பெரியவர்களுக்கு மூன்று என்று பேசி வைத்துக்கொள்ளலாம். பழைய ஆட்டங்கள் பல, சுவிட்சை அணைத்ததும் அதிகபட்ச ஸ்கோரை மறந்துவிடும். மேமில் 'ஹைஸ்கோர்' என்ற வசதியை ஆன் செய்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். கலாகாவில் அம்மாவின் மூன்றெழுத்து முதலிடத்தில் இருந்தால், மொத்த வீடும் அதை முறியடிக்க வரிசையில் நிற்கும்.

பாதுகாப்பு முக்கியம்

* பழைய பெட்டி டிவியைப் போட்டால் அசல் தோற்றம் வரும் என்று ஆசைப்பட்டு அதன் பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். எல்.சி.டி மானிட்டரில் 'ஸ்கேன்லைன்' செட்டிங்கைப் போட்டாலே பழைய டிவி போன்ற கோடுகள் தெரியும்.

* ராஸ்பெர்ரி பைக்கு அதற்கான அடாப்டர்தான் வேண்டும். பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர். பழைய செல்போன் சார்ஜரைப் போட்டால் ஆட்டம் நடுவில் தடுமாறும்.

* மெனுவில் ஷட் டவுன் கொடுத்த பிறகே சுவிட்சை அணையுங்கள். திடீரென்று மின்சாரம் போனால் மெமரி கார்டில் இருப்பது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. எல்லாம் சரியாக அமைந்ததும் கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு நாள் உட்கார்ந்து செய்த வேலை ஒரு பவர்கட்டில் போய்விடக் கூடாது.

* பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை அவசியம். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூலைகளை உருட்டி, ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் ஓடும் பிள்ளைகளின் நெற்றிக்கு நல்லது.

* டிவியோடு இணைத்து ஆடுபவர்கள், டிவியின் 'கேம் மோடை' ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் பட்டனை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் குத்து விழும்.

முதல் வாரம் பெட்டியில் ஐந்தே ஐந்து ஆட்டம் மட்டும் வைத்துப் பாருங்கள். வீட்டில் யார் எதைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள், எந்த பட்டன் சிக்குகிறது, எந்த உயரம் யாருக்கு எட்டவில்லை என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அடுத்து எந்த ஆட்டத்தை வாங்கலாம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.